காளாஸ்தி வழியாகக் கடலுக்கு

திருப்பதியில் வீடு இருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் எங்கிருந்தாவது முளைத்துக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். எனக்கு உத்தியோகம் சித்தூரில், ஓர் அரசாங்க அலுவலகத்தில். மகளின் படிப்புக்காகத் திருப்பதியில் அலிபிரி ரோட்டுப் பக்கம் குடிவந்து, நான் மட்டும் தினமும் பஸ்ஸில் சித்தூருக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். குடிவந்த இரண்டாவது வாரமே அரக்கோணத்திலிருந்து என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஏழு பேரோடு வந்து இறங்கினார். “மலைக்குக் கீழ நம்ம வீடுன்னு ஒண்ணு இருக்கறப்போ லாட்ஜுக்குப் போனா சாமி ஒத்துக்குமாடா?” என்று கேட்டார். சாமியை யாரும் கேட்கவில்லை. என் மனைவியையும் யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இருபது வருஷம் எங்கள் வீடு லாட்ஜாக நடந்தது.

வருகிறவர்களின் நடைமுறை மாறவே மாறாது. முதல் நாள் பைகளைக் கூடத்தில் இறக்கிவிட்டு, குளித்து, இட்லி தின்று மலைக்குப் போவார்கள். மறுநாள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கிவந்து, விழுந்து தூங்குவார்கள். மூன்றாம் நாள் திருச்சானூர். அதற்கப்புறமும் கிளம்ப மனம் வராது. கால் வலி என்பார்கள், ரயிலில் கூட்டம் என்பார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்ற பழமொழி எங்கள் வம்சத்தின் காதில் விழுந்ததே இல்லை. என் மனைவி நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண். பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவள்தான். ஆனாலும் கோடை விடுமுறை முழுக்கப் பந்தியில் நின்று, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்டுக் கேட்டு, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் குரல் கட்டிப்போயிருக்கும்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம்தான் காளாஸ்தி.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சம்பிரதாயம் ஒன்று உண்டு. காளாஸ்தி கோயிலுக்குப் போனால் அங்கிருந்து நேராகத் தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வேறு கோயிலுக்கும் போகக்கூடாது, வேறு ஒருவர் வீட்டிலும் நுழையக்கூடாது. காரணத்தை யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ராகு என்பார்கள், கேது என்பார்கள், அதற்குமேல் கேட்டால் முறைப்பார்கள். என் மனைவி இந்தச் சம்பிரதாயத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டாள். நான்காம் நாள் விடிந்ததும் புளிசாதம் கட்டிவைத்து, “மலைக்கு வந்துட்டு காளாஸ்தியப் பாக்காம போனா புண்ணியம் பாதிதானே?” என்று ஆரம்பிப்பாள். “போய்ட்டு அப்படியே ஊருக்குப் போயிடுங்க. பையெல்லாம் எடுத்துக்கினு போங்க. திரும்ப இங்க வரக் கூடாது பாருங்க.” பக்தியோடு சொல்வாள். அவர்களும் பக்தியோடு போவார்கள்.

யாராவது தயங்கினால் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தாள். ஒருவர் காளாஸ்தியிலிருந்து, மறந்து வைத்த குடைக்காக எங்கள் வீட்டுக்குத் திரும்பிவந்தாராம். வாசற்படியில் கால் வைத்ததும் சறுக்கி விழுந்தாராம். புத்தூருக்குத் தூக்கிப்போய் எலும்புக் கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாராம். எந்தக் கால் என்று கேட்டால் தயங்காமல் இடது கால் என்பாள். அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. குடை மட்டும் உண்மை, அது என்னுடையது.

அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. கடற்கரையில் இரண்டு நாள் இருக்க வேண்டும். கடலைப் பார்க்காதவள் இல்லை. சென்னையில் கல்யாணங்களுக்குப் போனபோது ஆட்டோவில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறாள். அது கணக்கில் சேராது என்பாள். நெல்லூருக்கு அந்தப் பக்கம் மைப்பாடு என்று ஒரு கடற்கரை இருப்பதாக எதிர்வீட்டம்மா சொல்லியிருந்தாள். அங்கே ஒரு ரூம் எடுத்து, வேறு யாராவது சமைத்து, வேறு யாராவது பரிமாற, தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டு எழுந்து கடலில் கால் நனைக்க வேண்டும். இதை அவள் கேட்க ஆரம்பித்தபோது மகள் நான்காம் வகுப்பில் இருந்தாள். மகள் படித்து முடித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, தன் செலவில் ரூம் போட்டுக் கொடுத்தபோதுதான் அது நடக்கிற மாதிரி இருந்தது. ரூம் போட்டது இரண்டாயிரத்து இருபதாம் வருஷம் ஏப்ரல் மாதத்துக்கு.

மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. மலைக்கே யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அப்படி நடந்ததே இல்லை. அலிபிரி ரோட்டில் நாய்கள் நடுவில் படுத்து நிம்மதியாகத் தூங்கின. ரூம் ரத்தாகிவிட்டது என்று மகள் போனில் சொன்னபோது என் மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பைகூட இல்லை. “பரவால்ல. கடல் வரலைன்னாலும் ஆளுங்களும் வரல” என்று சொல்லி, ஃபேனுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்தாள்.

அந்த நிம்மதி மூன்று வாரம் இருந்தது. கை பழகிவிட்டதால் எட்டுப் பேருக்குச் சாம்பார் வைத்துவிட்டு, அதை நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் தின்றோம். நான்காவது வாரம், “உங்க அண்ணன் போன் எதுனா பண்ணாரா?” என்று கேட்டாள். கொஞ்சம் ஏக்கமாகவே கேட்டாள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வாயில் அதிகம் வரும் வார்த்தை “பார்க்கலாம்”. முப்பது வருஷம் பைல்களோடு வாழ்ந்தவனுக்கு அது உடம்போடு ஒட்டிய வியாதி. முடியாது என்று சொன்னால் சண்டை வரும், சரி என்று சொன்னால் வேலை வரும். பார்க்கலாம் என்றால் இரண்டும் வராது. கொரோனா வந்ததும் என் சுபாவத்துக்கு அரசாங்க அங்கீகாரமே கிடைத்த மாதிரி ஆயிற்று. அலுவலகத்தில் வருகிற தபால்களைக்கூட ஒரு நாள் மாடியில் வெயிலில் காயவைத்த பிறகுதான் பிரித்தோம். ஒரு நாள் காற்றில் இரண்டு மனுக்கள் பறந்து பக்கத்துக் கல்யாண மண்டபத்துக் கூரையில் போய் உட்கார்ந்தன. அவற்றையும் பார்க்கலாம் என்று விட்டோம்.

ஊரடங்கு தளர்ந்ததும் மகள் மாதம் தவறாமல் கேட்பாள். “நைனா, ரூம் போடட்டா?”

“கேஸ் குறையட்டும்மா.”

கேஸ் குறைந்தது. ஊசி வரட்டும் என்றேன். ஊசி வந்தது. மற்றவர்கள் போட்டுக்கொள்ளட்டும், என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு நாமும் போட்டுக்கொண்டு போகலாம் என்றேன். தினமும் காலையில் பேப்பரில் சித்தூர் மாவட்டத்துக் கணக்கைப் பார்ப்பேன். கூடியிருந்தால் சத்தமாகப் படிப்பேன், குறைந்திருந்தால் மனசுக்குள் படித்துக்கொள்வேன். என் மனைவி இதைக் கவனித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மலையில் மறுபடி தரிசனம் ஆரம்பித்து, போனில் டிக்கெட் எடுத்தவர்களை மட்டும் விட்டார்கள். கிராமத்தில் போன் பேசவே தெரியாத சொந்தக்காரர்கள்கூட டிக்கெட் எடுப்பதில் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். இரண்டாவது வருஷம் ஏப்ரல் மாதம் அரக்கோணத்து அண்ணன் ஐந்து பேரோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். மாஸ்க் தாடையில் இருந்தது. நான் போய்க் கேட்டைத் திறந்தேன். திறந்துவிட்டுத் திரும்பினால் என் மனைவி வாசலில் நிற்கிறாள்.

“கடல்ல கொரோனா இருக்குதுன்னீங்க. உங்க அண்ணன் மேல இல்லயா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

கடல் என்னைக் கேட்டில் நின்று கூப்பிடவில்லை, அண்ணன் கூப்பிட்டார். முகத்துக்கு நேராக ஒருவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. வீட்டில் இருக்கிற ஒருத்தியை மட்டும் இருபது வருஷமாகச் சொல்ல வந்திருக்கிறது.

அண்ணன் மூன்று நாள் இருமினார். மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நான்காம் நாள் புளிசாதத்தோடு காளாஸ்திக்குப் போனார். ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல், ஏழாம் நாள் அவளுக்கு.

எனக்கு நான்கு நாளில் இறங்கிவிட்டது. அவளுக்கு இறங்கவில்லை. அவள் உள் அறையில், நான் கதவுக்கு வெளியே நாற்காலியில். விரலில் மாட்டுகிற கருவியில் வருகிற எண்ணைக் காலையும் மாலையும் அவள் உள்ளிருந்து சொல்வாள், நான் டாக்டருக்குப் போனில் சொல்வேன். ஒரு நாள் காலை அவள் சொன்ன எண்ணை டாக்டர் என்னை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். இன்னும் குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ஆனால் இங்கே படுக்கை இல்லை என்றார். நான் பயந்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

காளாஸ்தி வாயுத் தலம். கருவறைக்குள் காற்று நுழைய வழியில்லாத இடத்தில் ஒரு விளக்கு மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அது சாமி விடுகிற மூச்சு என்பார்கள். எனக்கு வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அவளுக்கு மூச்சைக் கொடு, நான் வந்து உன் முன்னால் நிற்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஏழுமலையானுக்குக் கீழேயே குடியிருந்துகொண்டு இன்னொருவரிடம் போனது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “இன்னாங்க.”

“சொல்லு.”

“கடலப் பாக்காமயே போய்டுவேன் போல இருக்குது.”

“போலாம். கண்டிப்பா போலாம்” என்றேன். எனக்குத் தெரிந்து அவளிடம் நான் பார்க்கலாம் என்று சொல்லாத முதல் தடவை அதுதான்.

மறுநாள் எண் ஏறியது. பத்து நாளில் எழுந்து நடமாடினாள். ரசம் வைத்து, உப்புப் பார்க்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். எனக்கும் ருசி தெரியவில்லை. இரண்டு பேரும் அந்த ரசத்தை மரியாதையாகக் குடித்தோம்.

பிழைத்த பிறகு நான் திருந்தியிருக்க வேண்டும். மூன்றாவது அலை வரும் என்று பேப்பரில் போட்டார்கள். அது போதும் எனக்கு. கடலையும் தள்ளிப் போட்டேன், காளாஸ்தியையும் தள்ளிப் போட்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஆபத்தில் வாயில் வந்த வார்த்தையும் அப்படித்தான், பத்து மாதத்தில் புளித்துவிட்டது.

மூன்றாவது அலையும் வந்து, தும்மிவிட்டுப் போயிற்று. பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்து வழக்கம்போலக் கேட்டாள். நான் பேப்பரை எடுத்தேன். என் மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“ரூம் போடும்மா. ரெண்டு பேருக்குப் போடு. உங்க நைனா வரலைன்னா சொல்றேன், ஒருத்திக்கு மாத்திடலாம்.”

பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அலுவலகத்தில் லீவுக்கு எழுதினேன். மேலதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, “சமுத்ரமா? மீரா?” என்று கேட்டார். சமுத்திரத்துக்கா, அதுவும் நீங்களா என்று அர்த்தம். நானேதான் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் மனைவியும் எட்டு வருஷமாக ஊட்டி கேட்பதாக வருத்தத்தோடு சொன்னார்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்திரம் அரக்கோணத்து அண்ணன் போன் செய்தார். “டேய், தரிசன டிக்கெட் கெடச்சிருக்குது. வரலாமான்னு யோசிச்சிக்கினு இருக்கேன்.” நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம் என்று அந்த இடத்தில் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. “பார்க்கலாம்ணா” என்றுதான் வெளியே விழுந்தது. மனைவியிடம் இந்தப் பேச்சைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஐந்தரை மணிக்கு வாடகைக் கார் வந்தது. டிரைவர் ரேணிகுண்டாக்காரர், என் வயசுதான், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். பார்த்தால் என் மனைவி நான்கு அடுக்கு கேரியரோடு நிற்கிறாள். மூன்று மணிக்கே எழுந்து புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு எல்லாம் செய்திருக்கிறாள்.

“சமைக்கக் கூடாதுன்னுதானே போறோம்?” என்றேன்.

“அங்கதான் சமைக்க மாட்டேன். வழிக்கு வேணாமா?” என்று சொல்லி, காரில் ஏறி, ரேணிகுண்டா தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். கேரியர் மடியிலேயே இருந்தது.

நெல்லூர் ரோடு ஏர்பேடு வழியாகக் காளாஸ்திக்குள் புகுந்துதான் போகிறது. டிரைவர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டீக்கு நிறுத்தினார். அவள் அசையவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே கோபுரம். பத்து மாதமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கிற மாதிரி நின்றது. அவளுக்கு மூச்சைக் கொடுத்தாயிற்று, அவள் இதோ என் காரில் குறட்டை விடுகிறாள். அந்தக் குறட்டை யார் கொடுத்தது? நன்றிகெட்டவனாக அந்தத் தெருவைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. சம்பிரதாயம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அது விருந்தாளிகளுக்கான சட்டம் என்று எனக்குள்ளேயே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

“அரை மணி நேரத்துல வந்துடறேன். அவங்கள எழுப்பாதீங்க” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு நடந்தேன். கொரோனா புண்ணியத்தில் கோயிலில் கூட்டமே இல்லை. விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வெளியே வந்து, கைக்குட்டையால் விபூதியை அழுத்தித் துடைத்தேன். திரும்பியபோதும் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கார் நாயுடுபேட்டை ரோட்டில் போயிற்று. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பத்துக் கிலோமீட்டர் போயிருப்போம். கண் திறந்தாள். வெளியே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள். கை நீட்டி என் புருவத்தில் விரலால் தடவி, விரலைப் பார்த்தாள்.

“காளாஸ்திக்குள்ள போனீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டிலிருந்து பதில் வந்தது. “அவுனம்மா, சார் குள்ளோக்கி வெள்ளொச்சாரு.” கோயிலுக்குப் போய்வந்தாராம். சொல்லிவிட்டு, தான் சொன்னதன் அர்த்தம் அவருக்கே அப்போதுதான் புரிந்து, காரை ஓரங்கட்டிப் புளியமரத்தடியில் நிறுத்தினார்.

மூன்று பேரும் இறங்கினோம். அந்த மரத்தடியில் கால் மணி நேரம் விசாரணை நடந்தது. டிரைவருக்குத் தன் கவலை. சாரை ஏற்றிவந்த காரும் அதன் வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டார். “காரு கோயிலுக்குள்ள போச்சா? போகலல்ல? அதுக்கு ஒண்ணும் இல்ல” என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். இந்த விஷயத்தில் அவள் சொன்னால் மறுபேச்சே கிடையாது. இருபது வருஷ அனுபவம். மகளுக்குப் போன் போட்டோம். அவள் சிரித்து முடித்த பிறகு, “போனது நைனா மட்டும்தானே? அவர் பஸ் புடிச்சி வீட்டுக்குப் போகட்டும், நீ கடலுக்குப் போம்மா” என்றாள். என் மனைவி யோசித்தாள். சும்மா யோசிக்கிற மாதிரி காட்டவில்லை, நிஜமாகவே யோசித்தாள்.

“தனியா போயி துன்னா வயித்துல ஒட்டாது” என்றாள் கடைசியில்.

நான் கெஞ்சிப் பார்த்தேன். “ரூம் என்ன சொந்தக்காரங்க வீடா? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. கால் ஒடஞ்ச கதையே நீ கட்டுனதுதானே?”

“கட்டுனதுதான். ஆனா எத்தினி வருஷமா எத்தினி பேருக்குச் சொல்லியிருக்கேன். இந்நேரம் அதுல கொஞ்சம் உண்மை ஏறியிருக்காதா?”

தன் வினை தன்னைச் சுடும் என்பதை அவள் வாதாடாமல் ஏற்றுக்கொண்டாள். கார் திரும்பியது. காளாஸ்தி மறுபடி வந்து, போயிற்று. ஏர்பேடும் வந்தது. அப்புறம் கேட்டாள்.

“இன்னிக்குப் பாத்து எதுக்குப் போனீங்க?”

சொன்னேன். கதவு, நாற்காலி, டாக்டர் படுக்கை இல்லை என்றது, விளக்கு, எல்லாம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைப்பது தெரிந்தது. பெரிய நெகிழ்ச்சி வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

“அது போன வருஷம் ஏப்ரல். பத்து மாசம் ஆச்சி. சாமிக்கிட்டயும் பாக்கலாம்னு சொன்னீங்களா?” என்றாள்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

எங்கள் தெருவில் திரும்பும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே அரக்கோணத்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அண்ணி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு, பைகள் ஏழு. பூட்டைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “எங்கடா போய்ட்டீங்க காலைலயே? பார்க்கலாம்னு சொன்னியேன்னு மொத ரயிலப் புடிச்சி வந்துட்டோம்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குப் பழக்கம். மத்தியானம் எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று அவள் கண் அதற்குள் எண்ண ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தபோது இவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

கேட்டைத் திறந்தேன். வீட்டைத் திறந்தேன். அவளைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் கால் கழுவி உள்ளே போனோம். சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். அடுப்படியில் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அவள் வழக்கம்போல அரிசி டப்பா பக்கம் கையை நீட்டினாள்.

“நேரா வீட்டுக்கு வந்தாச்சா?” என்று கேட்டேன்.

“வந்தாச்சு.”

“சம்பிரதாயம் முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது.”

“அப்போ கெளம்பு.”

வெளியே வந்து சாவியை அண்ணன் கையில் வைத்தேன். பார்க்கலாம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. முப்பது வருஷப் பழக்கம் ஒரு நாளில் விடுமா? “அண்ணா, நாங்க கடலுக்குப் போறோம். வர ரெண்டு நாள் ஆகும். அரிசி டப்பாவுல இருக்குது, பருப்பு மேல் தட்டுல. இது புளிசாதம், காலைல செஞ்சது.” காரிலிருந்து கேரியரை எடுத்து அண்ணியிடம் கொடுத்தேன்.

அண்ணனுக்குப் புரியவில்லை. “நாங்க வந்திருக்கோமேடா. கடல் எங்கடா போவுது? அடுத்த மாசம் போலாமே” என்றார். என் வார்த்தைகளை என் அண்ணன் வாயிலிருந்து கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

“இல்லண்ணா. இன்னிக்கே போறோம்.”

என் மனைவி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். “மாமா, போறப்போ சாவிய எதிர்வீட்ல குடுத்துடுங்க. காளாஸ்திக்கு மட்டும் கடைசியா போங்க, தெரியும்ல?” என்றாள். தெரியும் என்று ஆறு பேரும் தலையாட்டினார்கள். அந்தக் கால் உடைந்த மனிதரை நினைத்திருப்பார்கள்.

மைப்பாடு போய்ச் சேர மணி இரண்டுக்குமேல் ஆகிவிட்டது. கேரியர் இல்லை, வழியிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. கடலைப் பார்க்கக்கூட நிற்காமல் நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போனோம். ஓலைக் கூரை போட்ட சின்ன இடம், நாங்கள் இரண்டு பேர்தான். மாஸ்க் போட்ட ஓர் அம்மாள் இலை போட்டு, சோறு வைத்து, மீன் குழம்பு ஊற்றினாள். என் மனைவி தலை நிமிராமல் சாப்பிட்டாள். சோறு தீர்ந்ததும் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனாள். தனக்கு இல்லை, எனக்குப் பரிமாற. அதற்குள் அந்த அம்மாள் அன்னக்கையோடு வந்து அவள் இலைக்கு முன்னால் குனிந்து நின்றாள்.

“இன்னும் கொஞ்சம் போடட்டுமாம்மா?” என்று தெலுங்கில் கேட்டாள்.

பாதி எழுந்த என் மனைவி அப்படியே உட்கார்ந்தாள். அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டவளுக்கு, அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“போடுங்க” என்றாள்.

மூன்று தடவை போட்டுக்கொண்டாள். வெளியே கடல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைச் சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.